சாட்சி சாரின் மூன்றாவது புகார்

மனைவி டீ டம்ளரை நீட்டினால்கூட வீடியோ எடுத்த பிறகுதான் சாட்சி சார் கைநீட்டுவாராம். தெருவில் இப்படியொரு பேச்சு. விசாரித்ததில் சுத்தப் பொய். கீழ்வீட்டுத் தையல்காரர் கட்டிவிட்டது. அந்த வீட்டில் டீ போடுவதே சார்தான். வீடியோ வியாபாரத்துக்கு மட்டும்.

கம்ப்யூட்டர் கேம்களைத் திறக்கும் கீகளை மொத்தமாக வாங்கி, ஆன்லைன் சந்தையொன்றில் சில்லறையாக விற்கிறார். கீ என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரி. ஒருவர் போட்டுவிட்டால் அடுத்தவருக்கு உதவாது. ஒரு புண்ணியவான் மூன்று வாரம் ஆசைதீர விளையாடிவிட்டு, கார்டைப் போட்டதே தானில்லை என்று வங்கியிடம் அழுது பணத்தைப் பிடுங்கிக்கொண்டான். இன்னொருவன் கீயே வரவில்லை என்று சாதித்தான். இரண்டும் சார் பெயரில் புகாராக ஏறின. மூன்றாவது ஏறினால் கடைக்கு மூடுவிழா என்று சந்தைக்காரர்கள் எழுதிவிட்டார்கள். வீட்டு வாடகையோ அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது.

அன்று தொடங்கியது கெடுபிடி. புதுக் கணக்கில் வருபவர் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். சந்தைக்கு வெளியே பேரம் பேசினால் பெரிய கும்பிடு. பட்டியலிலிருந்து கீயை எடுத்து, அனுப்பி, விற்ற வரியைக் கோடு போட்டு அடிப்பதுவரை திரை முழுக்கப் பதிவாகும்.

மூன்றாவது புகார் வந்தே விட்டது. போட்டவன் சொந்த மச்சினன். 'ஏற்கெனவே பயன்படுத்திய கீ.'

'இது மோசடி முயற்சி. ஆதாரம் உள்ளது' என்று சார் பதில் தட்டினார்.

"என் தம்பி மோசடிக்காரன், நீங்க மட்டும் உத்தமரா?" மனைவி கொதித்தார். "அவனைக் கூப்பிடுறேன். அந்த ஆதாரத்தப் போட்டுக் காட்டுங்க."

மச்சினன் வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். தைத்த பேண்ட்டைக் கொடுக்கும் சாக்கில் தையல்காரரும் உள்ளே நுழைந்தார். சார் டிவியில் ஓடவிட்டார்.

"பாரு மச்சான், நான் எடுத்தது அடிக்காத வரி. புத்தம் புதுசு. அதுக்கு முந்தின விற்பனையையும் பாரு."

முந்தின வீடியோவில் அதே வரியை யாருக்கோ அனுப்பிவிட்டு, அதற்குக் கீழ்வரியைச் சிரத்தையாக அடித்துக்கொண்டிருந்தார் சார்.

"நிறுத்துங்க," என்றார் மனைவி. "அனுப்பினது மேல. அடிச்சது கீழ."

"படம் பளிச்சுனு வந்திருக்கு சார்," என்றார் தையல்காரர்.

தப்பாக அடித்த அந்தக் கீழ்வரிக் கீயே மச்சினனுக்குப் போனது. கேம் திறந்தது. அங்கேயே புகாரை வாபஸ் வாங்கினான், கடை பிழைத்தது.

"அத்தான், கீ கிடைச்சிடுச்சு. மோசடின்னீங்களே, அதுக்கு ஒரு ஸாரி?"

"அனுப்பி வைக்கிறேன்."

கடை முகப்பில் 'கடன் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பவர் சார். மூன்று மாதமாகிறது. மச்சினன் வாரம் தவறாமல் கேட்கிறான்.

போன வாரம் வந்த பதில்: "ஸாரிக்கு நீ புதுக் கணக்கு மச்சான். ஒரு நாள் காத்திரு."