நாற்பது வீட்டுச் சோடாவும் என் முப்பத்திரண்டு பல்லும்

"நிண்டிட்டுது அங்கிள்!"

கடந்த செவ்வாய்க்கிழமை பல் டொக்டர் சொன்ன இந்த ஒரு சொல்லுக்கு நான் அந்தச் சாய்வு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டேன். கழுத்தில் கட்டிய நீலத் துண்டு அப்படியே தொங்குகிறது. வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய் வேறு. சந்தோஷத்தில் கையைத் தூக்கப் போய், தலைக்கு மேலிருந்த லைட்டில் நன்றாக இடித்துக்கொண்டேன்.

எது நின்றுவிட்டது என்று கேட்கிறீர்களா? என் முன்பல்லின் தேய்மானம்! ஐந்து மாதமாக நாளை எண்ணி எண்ணி நான் காத்திருந்த ரிசல்ட் அது. மகளின் பல்கலைக்கழக ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி... சரி, இந்தப் பத்தியை அவளும் வாசிப்பாள். விடுவோம்.

முதலில் ஒரு பெருமையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது அறுபத்தொன்று. வாயில் முப்பத்திரண்டு பல்லும் சொந்தம். ஒன்றைக்கூடப் பிடுங்கியதில்லை, ஒன்றைக்கூட அடைத்ததில்லை. பிறந்தநாள் விழா, கோவில் திருவிழா, செத்தவீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் எப்படியாவது கதையைப் பல்லுப் பக்கம் திருப்பி, இதை ஒருமுறை சொல்லாமல் நான் வீடு திரும்புவதில்லை. என் மனைவி வசந்திக்கு இது மனப்பாடம். நான் வாயைத் திறக்க முதலே, "முப்பத்திரண்டும் இருக்கு, தெரியும்" என்று அவளே சொல்லிவிடுவாள்.

அந்த முப்பத்திரண்டுக்குத்தான் இந்த ஏப்ரலில் ஆபத்து வந்தது.

ஜூனில் மகள் ஆரணிக்குக் கலியாணம். கார்ட் அடித்தாயிற்று. "அப்பா, வாட்ஸ்அப்பில அனுப்பினாக் காணாதோ?" என்று கேட்டாள். போதுமா? நேரில் போய், தட்டத்தில் குங்குமமும் கற்கண்டும் வைத்து, இரண்டு கையாலும் கார்ட்டைக் கொடுத்து, "கட்டாயம் குடும்பமா வரவேணும்" என்று சொன்னால்தான் அது அழைப்பு. இல்லாவிட்டால் கலியாணத்தன்று மண்டபத்தில் பாதிக் கதிரை காலியாகக் கிடக்கும். மிச்சப் பாதியில் இருப்பவர்களும், "எங்களுக்கு போனிலதான் சொன்னவை" என்று பத்து வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆகவே சனி, ஞாயிறுகளில் நானும் வசந்தியும் காரில் கிளம்பினோம். மொன்றியாலைச் சுற்றி டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எட்டு வீடு, கர்க்லாண்டில் ஆறு வீடு, லவாலில் ஒரு கூட்டம்... மொத்தம் நாற்பது வீடு.

நம்முடைய ஆட்களின் வீட்டுக்குள் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றி, சோபாவில் குந்தி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. ட்ரே வந்துவிடும். அதில் விளிம்புவரை நிரப்பிய ஒரேஞ் சோடா.

"எனக்கு வேண்டாம் தங்கச்சி."

"அப்ப ஜூஸ்?"

"அதுவும் வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனாங்கள்."

"அப்ப நெல்லி ரசம் கரைக்கட்டே?"

சீனிப்பாகில் ஊறிய அந்த நெல்லிச் சாற்றையும் மூன்றாவது தடவையாக வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டுக்காரியின் முகம் எப்படிப் போகும்? பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிறவன் நான். அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. வாங்கிக் குடித்தேன். அதுவும் கதைத்துக் கதைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்தேன். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, ஐந்து கிளாஸ்.

ஆனால் நான் யார்? முப்பத்திரண்டின் சொந்தக்காரன் அல்லவா? என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. கார் டாஷ்போர்ட்டுக்குள் ஒரு பிரஷ், பேஸ்ட், ஒரு போத்தல் தண்ணீர். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்தவுடன், சுடச்சுட, கார்ப் பக்கத்தில் நின்று ஒரு தேய் தேய்ப்பேன். பிரஷும் சாதாரணப் பிரஷ் இல்லை. தும்பு முரடாக இருந்தால்தான் ஊத்தை போகும் என்று தேடி வாங்கியது. பிறகு கொப்பளித்து, உருகாமல் கிடந்த பனிக்குவியலில் துப்பிவிட்டு அடுத்த வீட்டுக்கு. வசந்தி சீட்டுக்குள் சரிந்து முகத்தை மறைத்துக்கொள்வாள்.

"இஞ்சாருங்கோ, ஆரும் பாக்கப்போகினம்!"

"பாக்கட்டுமே. பல்லைத்தானே விளக்கிறன், களவே எடுக்கிறன்?"

பார்த்தது ஆள் இல்லை... கமரா! கர்க்லாண்டில் சிவம் அண்ணை வீட்டு வாசல் மணியோடு ஒரு கமரா இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் வாயெல்லாம் நுரையோடு ஆவேசமாகத் தேய்ப்பதும், அண்ணாந்து கொப்பளிப்பதும், அவர் வீட்டுப் பனியில் துப்புவதும் ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கிறது. அண்ணை சும்மா இருப்பாரா? "கார்ட் வைக்க வந்த பொம்பிளையின்ர தகப்பன் எங்கட வாசலில பல்லு விளக்குறார்" என்று எழுதி, கோவில் தொண்டர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

மானம் கப்பலேறியது. அடுத்த வீட்டில் ட்ரேயை நீட்டும்போதே, "அண்ணை, பிரஷ் கொண்டந்தனீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. என்ன செய்வது?

எல்லோரும் சிரித்தபோது ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. தர்ஷினி. கோவிலில் என்னோடு அன்னதானத்துக்கு நிற்கும் நண்பர் ஒருவரின் மகள், இங்கேயே படித்துப் பல் டொக்டரானவள். தகப்பன் வீடியோவைக் காட்டியிருக்கிறார். அன்று பின்னேரமே போன் வந்தது.

"அங்கிள், வீடியோ பாத்தனான்."

"நீயுமா பிள்ளை? சிரி, சிரி."

"நான் சிரிக்க எடுக்கேல்லை. உண்மையைச் சொல்லுங்கோ, குளிர்த்தண்ணி குடிச்சா முன்பல்லுக் கூசுதோ?"

கூசியது! இரண்டு கிழமையாகக் கூசியது. ஐஸ்கிரீமைக் கண்டாலே உடம்பு சிலிர்த்தது. வசந்தியிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு பெருமை பேசிய வாயால் எப்படிச் சொல்வது?

மறுநாள் அவளுடைய கிளினிக்கில் என் முன்பல்லைப் படமெடுத்துத் திரையில் பெரிதாகக் காட்டினாள். விளிம்பு கண்ணாடிபோல மெலிந்து, வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. பல்லின் அடியில், முரசுச் சதைக்குப் பக்கத்தில் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம்.

"நான்தான் ஒவ்வொரு தரமும் உடனுக்குடன விளக்கினனான் பிள்ளை!"

"அதுதான் அங்கிள் பிழை! சோடாவில சீனி மட்டுமில்லை, அசிட்டும் இருக்கு. குடிச்ச கையோட பல்லின்ர மேல்பூச்சு கொஞ்ச நேரம் இளகிப்போய் இருக்கும். நீங்கள் அந்த நேரம் பாத்து முரட்டுப் பிரஷால தேய்ச்சிருக்கிறியள். பெயின்ட் காய முதல் சுவரைத் தேய்ச்சா என்ன நடக்கும்? அப்பிடித்தான்."

"போன பூச்சு திரும்பி வருமோ?"

"வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். இப்பிடியே விட்டா விளிம்பு உடையும். பேந்து பல்லுக்கு மேல கப் போட வேண்டிவரும்."

கப்! என் முன்பல்லுக்கு! மகளின் மணவறைக்குப் பக்கத்தில் உடைந்த பல்லோடு நான் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, சொன்னால் நம்புங்கள்.

"எனக்கு முப்பத்திரண்டும் வேணும் பிள்ளை. என்ன செய்யவேணும், சொல்லு."

சொன்னாள். சோடா குடித்தால் உடனே வெறும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். பிரஷை அரை மணித்தியாலத்துக்குத் தொடக்கூடாது. தும்பு மெதுவான பிரஷ், ஃபுளோரைட் உள்ள பேஸ்ட், காலையும் இரவும் இரண்டு நிமிஷம், மெதுவாக. குடிக்கத்தான் வேண்டுமென்றால் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிட வேண்டும். மணிக்கணக்காக வைத்து உறிஞ்சினால், பல்லு மணிக்கணக்காக அசிட்டில் ஊறும். சீனி இல்லாத சோடா என்றால் பரவாயில்லையா என்று நைசாகக் கேட்டேன். அதிலும் அசிட் இருக்கிறதாம். அப்படியென்றால் உடம்பு மெலிய என்று விடிய வெள்ளெனக் குடிக்கிறேனே தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணீர்?

"அங்கிள்..." என்று தலையில் கை வைத்தாள். "அதைக் குடிச்சிட்டு உடன பல்லு விளக்குவியள், என்ன?"

"ஓம்..."

ஐந்து மாதம் கழித்துத் திரும்பப் படமெடுத்துப் பார்ப்போம், தேய்வது நின்றிருந்தால் தப்பினீர்கள் என்று அனுப்பிவைத்தாள்.

நல்லது. ஆனால் இன்னும் பதினேழு வீடு பாக்கி! பதினேழு ட்ரே! வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதல் வீட்டில் ஒரு பொய் சொன்னேன். "எனக்குக் கொஞ்சம் சுகர் தங்கச்சி."

செய்திருக்கக்கூடாத வேலை. பொழுதுபடுவதற்குள் போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். இன்னொருவர், "காலில புண் வராமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று அழாக்குறையாகச் சொன்னார். கடைசியில் லவாலிலிருந்து சம்பந்தி வீட்டார் எடுத்துவிட்டார்கள். "பொம்பிளையின்ர அப்பாவுக்குக் கடும் சுகர் வருத்தமாமே?"

வசந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... "போங்கோ. நீங்களே போய் உண்மையைச் சொல்லுங்கோ" என்றாள்.

அடுத்த ஞாயிறு முறைப்படி அவர்களுக்குக் கார்ட் வைக்க லவாலுக்குப் போனோம். பயந்தபடியே நடந்தது. சம்பந்தியம்மா தன் கையாலேயே நெல்லி ரசம் கரைத்து, வெள்ளித் தட்டில் கொண்டுவந்து நீட்டினார். மாப்பிள்ளையின் அம்மா! இங்கே வேண்டாம் என்றால் என்ன ஆகும்? ஆனாலும் சொல்லிவிட்டேன். சுகர் பொய், பிரஷ் கதை, கமரா, பல்லுத் தேய்ந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவர் தட்டை மேசையில் வைத்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ, கேட்டியளே? இவையும் சோடா குடிக்கிறேல்லையாம்!"

உள்ளேயிருந்து சம்பந்தி ஓடிவந்தார். "அப்பாடா! எங்கட வீட்டிலயும் ஒருத்தரும் இதைத் தொடுறதில்லை அண்ணை. வாற ஆக்களுக்கெண்டு வாங்கி வாங்கி பேஸ்மென்ட் முழுக்க அடுக்கிக் கிடக்கு. உங்கட வீட்டுக்கு வந்தண்டைக்கு நீங்கள் ஊத்தித் தந்ததையும் உங்கட முகத்துக்காகத்தான் குடிச்சனாங்கள்!"

என்ன கொடுமை பாருங்கள்! அவர்கள் நமக்காக வாங்கி வைக்கிறார்கள். நாம் அவர்களுக்காகக் குடிக்கிறோம். மொன்றியால் முழுக்க யாருக்கும் பிடிக்காத ஒன்றை ஒருவருக்கொருவர் வருந்தி வருந்திக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நாலு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு சீனி போடாத தேத்தண்ணீர் குடித்தோம். அதற்குப் பிறகு மிச்ச வீடுகளில் உண்மையைத்தான் சொன்னேன். ஒருவரும் கோபிக்கவில்லை. இரண்டு வீட்டில் தங்கள் பல்லைக் காட்டி என்னிடமே வைத்தியம் கேட்டார்கள்!

கலியாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. வாசலில் சோடாவுக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல் வைத்தோம். பனிமலையைப் போல அடுக்கிய போத்தல்கள் ஒன்றுவிடாமல் குடித்து முடிந்தன. எல்லாப் படத்திலும் நான் வாயைத் திறந்துதான் சிரிக்கிறேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது. மெதுவான பிரஷும், பொறுமையும், ஐந்து மாதமும் அந்த விளிம்பைக் காப்பாற்றியதா இல்லையா?

அதற்கான பதில்தான் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள் தர்ஷினி. ஒரு மயிரிழைகூட மாறவில்லை. முப்பத்திரண்டும் பத்திரம்!

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று ஞாயிறு பின்னேரம் வாசல் மணி அடித்தது. திறந்தால் அதே தர்ஷினி, பட்டுச் சேலையில்! பக்கத்தில் தாய் தகப்பன், கையில் குங்குமத் தட்டம். அவளுக்குக் கலியாணமாம், கார்ட் வைக்க வந்திருக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! "வாங்கோ வாங்கோ" என்று உள்ளே கூட்டிவந்து இருத்தினேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. குசினியிலிருந்து வசந்தி வருகிறாள். கையில் ட்ரே. விளிம்புவரை ஒரேஞ் சோடா!

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என் காதுக்குள் சொன்னாள். "கலியாணக் கார்ட் கொண்டுவந்த பிள்ளைக்கு வெறும் தண்ணியே குடுக்கிறது?"

தர்ஷினி கிளாஸைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வசந்தியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் குடித்து முடித்துவிட்டு, "நல்லாயிருக்கு அன்ரி" என்றாள்.

"இண்டைக்கு எத்தனையாவது வீடு பிள்ளை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஆறாவது அங்கிள்" என்றாள், அழுகிற குரலில்.

வழியனுப்ப வாசலுக்கு வந்தேன். கார் கிளம்பும்போது பார்த்தால், அவள் தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. கையில் தண்ணீர்ப் போத்தலோடு, செருப்பும் இல்லாமல், காருக்குப் பின்னால் ஓடினேன்.

"பிள்ளை! முதல்ல கொப்பளி! அரை மணித்தியாலத்துக்குப் பிரஷைத் தொடப்படாது!"

எங்கள் வாசலிலும் இப்போது கமரா இருக்கிறது... அந்த ஓட்டத்தை நானே குரூப்பில் போடட்டுமா?