எட்டு நாழிகையும் அரை மணித்தியாலமும்

எங்கள் அண்ணா திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்தில் பிறந்தவர். எனக்குப் பத்து வயதாகும்போது அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் கண்மூட, என்னை வளர்ப்பதற்காகத் திருகோணமலைத் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் வேலைக்குப் போனார். எனக்குத் தலை பின்னிவிட்டவரும் அவர்தான், சோறு குழைந்தால் "கஞ்சியெண்டு நினைச்சுக் குடி பிள்ளை" என்று சமாளித்தவரும் அவர்தான்.

அண்ணாவுக்கு நாள் பிறப்பது சூரிய உதயத்தில். அங்கிருந்து இருபத்துநான்கு நிமிடத்துக்கு ஒரு நாழிகை. அறுபது நாழிகை முடிந்தால் மறுநாள். ராகுகாலத்தில் புதுச் சட்டைகூடப் போடமாட்டார். அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்த காலத்தில், வேலைக்குப் புது நேரம், வீட்டுக்குப் பழைய நேரம் என்று இரண்டு மணிக்கூடு வைத்திருந்தார். எனக்குப் பெரிய கரைச்சல்!

அந்தக் காலத்தில்தான் என் கல்யாணம். திங்கட்கிழமை, உதயத்திலிருந்து எட்டு நாழிகையில் முகூர்த்தம். பஞ்சாங்கப்படி ஒன்பது பன்னிரண்டு. அண்ணா அதை அப்படியே அழைப்பிதழில் அச்சடிப்பித்தார். ‘பழைய நேரம்’ என்று போட மறந்துவிட்டார். நிலாவெளி மாப்பிள்ளை வீட்டார் தங்கள் கைக்கடிகாரப்படி வந்து, மாப்பிள்ளையை மணவறையிலும் இருத்திவிட்டார்கள். ஒன்பது பன்னிரண்டு ஆகியும் தாலி வரவில்லை.

"நேரம் போகுது. கட்டுறதெண்டால் இப்பவே கட்டுவம். இல்லாட்டி நாங்கள் எழும்புறம்" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சத்தம் போட்டார். உள்ளே அறையில் இருந்த எனக்கும் அது கேட்டது. கல்யாணம் நின்றுபோனால் அண்ணா தாங்கமாட்டார்.

அண்ணா கைகூப்பினார். "பிழை என்ரதான் ஐயா. பழைய நேரம் எண்டு போடாமல் விட்டிட்டன். பஞ்சாங்கக் கணக்குக்கு இப்ப ஒன்பதுகூட ஆகேல்லை, ராகுகாலம் நடக்குது. அரை மணித்தியாலம் பொறுங்கோ."

"அதென்ன, சூரியனுக்கொரு நேரம், எங்களுக்கொரு நேரமோ?"

அப்போது மணவறையிலிருந்து மாப்பிள்ளை சொன்னார்: "பெரியப்பா, நான் எழும்பேல்லை. நீங்களும் இருங்கோ."

அதற்கு முன் அவர் குரலை நான் கேட்டதில்லை. இந்த மனிதரோடு வாழலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. பெரியப்பாவும் முணுமுணுத்தபடி கதிரையில் இருந்தார். அண்ணா தன் கையாலேயே அவருக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். சரியாக எட்டு நாழிகைக்குத் தாலி ஏறியது.

பின்னர் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியபோது, "பாத்தியே பிள்ளை, கடைசியில ஆர் வந்தது ஆரிட்டை?" என்று கேட்டு அண்ணா அடைந்த புளுகமும் சந்தோசமும் சொல்லி முடியாது. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடி நேரம் கேட்டார். "பழசோ, புதுசோ மச்சான்?" என்றார் என் கணவர். அண்ணா இருமல் வரும்வரை சிரித்தார். நிறைந்த மனதோடுதான் போனார்.

முறை வைத்து அவரோடு தங்கிய துறைமுக நண்பர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த, நாங்கள் நானா என்றழைக்கும் கிண்ணியா முஸ்லிம் பெரியவரின் குடும்பத்துக்கும், தோள் கொடுத்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

ஆண்டுத் திவசத்துக்கான அழைப்பில் எட்டு நாழிகை என்று மட்டும் எழுதினேன். பக்கத்தில் ஒன்பது பன்னிரண்டு என்று சேர்த்தவர் என் கணவர். ஆனால் அவர் மட்டும் அரை மணித்தியாலம் முந்தியே போய், அண்ணாவின் படத்துக்கு முன்னால் இருக்கப் போகிறாராம்.

"அண்டைக்கும் இருந்தனான்தானே" என்கிறார்.