இரண்டு சட்டத்திலும் ஒரே கண்

“…அதெல்லாம் சரிண்ணா, ஆனா ரெண்டு பலகையில ஒரே எடத்துல ஒரே கண்ணு எப்பிடி வரும்? இன்னா, மைக்கா ஷீட்டு ஒட்டிட்டு மரம்னு சொல்றீங்களா?”

வாணியம்பாடியில் வீட்டு அலங்காரப் பொருள் கடை வைத்திருக்கும் அக்கா கேட்டது இது. டிரைவரோடு காரில் மலையேறி என் பட்டறைக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. அதுவரை நான் செதுக்கிய மரச்சட்டம் போட்ட ஐந்தாறு முகக்கண்ணாடிகளை ஆலங்காயம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தேன். இந்த முறை ஜோடியாகக் கேட்டிருந்தார், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் மாட்ட. நானும் உற்சாகத்தில் பலா இலை வடிவில், ஓரத்தில் கொடி ஓடவிட்டு, இரண்டு சட்டம் செதுக்கிக் கண்ணாடி பொருத்தி வைத்திருந்தேன்.

கிளை விட்ட இடத்தில் பலகைக்குள் ஒரு கருவட்டம் தெரியும். அதைத்தான் கண்ணு என்போம். ஒரு சட்டத்தில் அது இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம், அதே உயரம், அதே அளவு. எனக்குப் பெருமையே அதில்தான் இருந்தது. அவருக்குச் சந்தேகமும் அதில்தான் வந்தது.

காரணம் இருந்தது. யாரோ ஒரு ஆள் கைவேலை என்று சொல்லி, மிஷினில் வெட்டி மேலே மர டிசைன் காகிதம் ஒட்டிய சட்டங்களை அவர் தலையில் கட்டிவிட்டானாம். மழைக்காலத்தில் அது உப்பிக்கொண்டு வர, வாங்கியவர் கடைக்கே எடுத்து வந்து நாலு பேர் முன்னால் உரித்துக் காட்டியிருக்கிறார். “அன்னிக்கு என் மூஞ்சியவே உரிச்ச மாதிரி இருந்துச்சி” என்றார் அக்கா. அந்த நிலைமையிலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் ரசிக்கிற நேரமா அது? என் கண்ணாடிகளை எடுக்கிற கடை அது ஒன்றுதான். மலையில் யார் வாங்குவார்கள்? பக்கத்து நிலத்தில் சாமை போடுகிறவர் என் முதல் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, வெட்டுன மரத்துக்கு இன்னாத்துக்கு மறுபடியும் எல என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா இதைப் போலி என்று சொல்லிவிட்டால் கீழே ஒரு கடைப்படியும் நான் ஏற முடியாது.

அதனால் பேச ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் பட்டா நிலத்துப் பலா காற்றில் விழுந்ததையும், தடித்த ஒரே பலகையை நடுவில் அறுத்துப் புத்தகம் மாதிரி விரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் என்பதையும், பளபளப்பு தேன்மெழுகால் வந்தது என்பதையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் நகத்தால் சட்டத்தின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“நெறைய பேசுறீங்கண்ணா. அந்த ஆளும் இப்பிடித்தான் பேசுனான்.”

பிறகு போனை எடுத்து முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று படம் பிடித்தார். ஜாண் வைத்து அளந்தார். இப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு எவனிடமாவது காட்டி இதே மாதிரி செய்துகொள்ளப் போகிறாரோ? இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்குள்தான் ஒருவரை ஒருவர் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தோம்.

அறுத்ததில் மீந்த துண்டுகளைக் கொண்டுவந்து காட்டினேன். காட்டுவதற்கென்றே எடுத்து வைத்ததா என்று கேட்டார். எதைக் காட்டினாலும் ஒரு கேள்வி இருந்தது அவரிடம்.

அப்புறம் அவராகவே வெளியே போனார். பலாத் துண்டுகள் குவிந்து கிடந்தன. ஒரு சுற்று சுற்றி வந்து, செருப்பு முனையால் ஒன்றைத் தள்ளினார்.

“இத அறுங்க. என் எதிர்ல அறுங்க.”

முழ நீளத் துண்டு. வெளியே கிளை விட்ட அடையாளமே இல்லை. உள்ளே ரேகை நேராக ஓடினால் இரண்டு பக்கமும் வெறுமையாக இருக்கும். நான் சொன்னதெல்லாம் கதை என்றாகிவிடும். வேறு துண்டு எடுக்கலாம் என்று சொல்லவும் பயம். அதையும் தந்திரம் என்பார். உள்ளே கொண்டுபோய் வேலை மேசையின் பிடியில் இறுக்கி வைத்தேன். கோடு போடச் சாக்கட்டியை எடுத்தபோது அதையும் வாங்கி அவரே போட்டார்.

அரை மணி நேரம் ரம்பம் இழுத்தேன். அவர் உட்காரவே இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டும் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாதிக்கு மேல் போனதும் ரம்பத்தின் சத்தம் மாறியது. கெட்டியான இடத்தில் பல் சிக்கி முனகியது. உள்ளே கண் இருந்தால் அப்படித்தான் முனகும். சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

அறுத்து முடித்துப் பிரிக்கப் போனேன்.

“கைய எடுங்கண்ணா.”

அவரே பிரித்தார். ஒரு பாதியில் வாதுமைக் கொட்டை அளவில் கருங்கண், நுனி சாய்ந்து இருந்தது. அடுத்த பாதியில் அதே கண், அதே சாய்வு, எதிர்ப்பக்கம் பார்த்து. தண்ணீர் பாட்டிலைத் திறந்து துப்பட்டா நுனியை நனைத்து இரண்டையும் அழுத்தித் தேய்த்தார். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயம் ஒட்டவில்லை. மறுபடி ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

இரண்டு பாதியையும் கையில் எடுத்துக்கொண்டார்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். கேக்குறவங்களுக்கு நானே தொறந்து காட்றேன்.”

இரண்டு பாதியையும் சேர்த்து மூடி, என் பட்டறையில் கிடந்த கயிற்றால் கட்டினார். நான் தூக்க வருவதற்குள் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக அவரே தூக்கிப் போய்க் காரின் பின்சீட்டில் நிறுத்தி, இரண்டுக்கும் சீட் பெல்ட் மாட்டினார். பிறகு முன்னால் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி, அந்த மரத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.