தீர்த்தம்மாளின் கூரையைத் தூக்கிய காத்து

தீர்த்தம்மாள் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மாரண்டஹள்ளி பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பக்கத்தில் யாராவது சிரித்துவிட்டால் போச்சு, தன்னைப் பற்றித்தான் என்று முடிவே கட்டிவிடுவாள். பிள்ளை குட்டி கிடையாது. புருஷன் மாதேஸ்வரன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள, அடுத்த நிலத்தில் குடியிருக்கும் கொழுந்தன் முனிராஜும் அவன் பெண்டாட்டி மலர்விழியும்தான். அவர்கள் மேலும் அவளுக்கு ஒரு சந்தேகக் கண் எப்போதும் உண்டு.

அவளுக்குப் பட்டுப்புழு வளர்க்கிற பொழைப்பு. வூட்டை ஒட்டி மல்பெரித் தோட்டம், அதன் ஓரத்தில் சிமெண்ட் சீட்டு போட்ட புழு மனை. புழு உள்ளே வந்துவிட்டால் வெளியாள் படி ஏறக் கூடாது என்பது இந்தப் பக்கத்து வழக்கம். நோய் ஒட்டிக்கொள்ளும், கண்ணும் பட்டுவிடும். எல்லோரும் பார்க்கிறதுதான். ஆனால் இவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அடேயப்பா! சொந்தக் கொழுந்தன் வாசல் பக்கம் வந்தாலே கையில் விளக்கமாற்றை எடுத்துவிடுவாள்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள். பகல் முழுக்க வெயில் கொளுத்திவிட்டு, சாயங்காலம் மேகம் திரண்டு கருத்தது. தீர்த்தம்மாள் அடுப்படியில் இருந்தாள். லாரி ஒன்று வூட்டு மேலேயே ஏறி வருகிற மாதிரி இரைச்சல். வெளியே ஓடிவந்து பார்த்தால் மனைக்குக் கூரையைக் காணோம்! சீட்டெல்லாம் தோட்டத்தில் சிதறிக் கிடக்கிறது. கூடு கட்டத் தொடங்கியிருந்த புழுக்கள் மேல் மழை கொட்டுகிறது. ஐயோ, எம் பொழப்பே போச்சே என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

அந்த மழையில் முனிராஜ் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணி, நவுருங்க, மேல போட்டு மூடிர்றேன்!"

"அங்கயே நில்லு! உள்ள கால வெச்ச, நடக்கறதே வேற."

அவன் நனைந்துகொண்டே நின்றான். அவன் தோளுக்கு மேலாக அவன் வூடு தெரிந்தது. ஒரு ஓடு நகரவில்லை. கல் எறிகிற தூரம்கூட இல்லை, அங்கே ஓடு அப்படியே இருக்கிறது, இங்கே கூரையே இல்லை. காத்துக்குக் கண்ணா இருக்கிறது, ஆள் பார்த்துப் பிரிக்க? அதுவும் இவன் தார்ப்பாயோடு இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான்? முன்னாலேயே தெரிந்தவன்தான் வருவான்.

மழை விட்டதும் ஏணி போட்டு ஏறினாள். தெற்குப் பக்கத்துக் கம்பியில் போல்ட் வளைந்து தொங்கியது. வடக்குப் பக்கத்தில், முனிராஜ் வூட்டைப் பார்த்த பக்கத்தில், ஒரு போல்ட்கூட இல்லை. "கழட்டிட்டான் பாவி!" என்று ஏணி மேலிருந்தே ஊரைக் கூட்டினாள். மறுநாள் ஸ்டேஷனில் போய்ப் புகாரும் கொடுத்துவிட்டாள். போலீஸ்காரர் வந்து முனிராஜை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுப் போனார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னான். குற்றவாளி முழி அப்படித்தான் இருக்கும் என்றாள் இவள்.

அதற்கடுத்த நாள் ஒரு பெண் வந்தாள். பேர் மெஹக். தர்மபுரிக்காரி, காலேஜில் புயல் மழையைப் பற்றிப் பாடம் எடுப்பவள். மேகத்திலிருந்து தும்பிக்கை மாதிரி ஒன்று தொங்கிச் சுழல்வதை யாரோ தூரத்திலிருந்து செல்போனில் பிடித்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"முனிராஜு தான உன்ன அனுப்பினான்?" இதுதான் தீர்த்தம்மாள் கேட்ட முதல் கேள்வி.

"அவர் யாருங்க?" என்றாள் மெஹக். "நான் காத்தத் தேடி வந்தேங்க. இது டொர்னாடோ. நம்ம பக்கம் அபூர்வம்."

"சூறக்காத்து தெரியாதா எனக்கு? மாசியில காட்ல சுத்துமே."

"அது வேறங்க. அது வெயில்ல காஞ்ச தரையிலிருந்து மேல கெளம்பும், மேகம் வேண்டியதில்ல. இது இடிமேகத்துல பொறக்கறது. கீழ ஒரு பக்கம் காத்து, மேல வேற பக்கம் அதவிட வேகமான காத்து. நடுவுல மாட்டின காத்து, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல திரிய உருட்ற மாதிரி படுத்தவாக்குல உருளும். சூடான காத்து மேல ஏறும்போது அதத் தூக்கி நிமுத்திடும். சில நேரம் அதோட முனை தரையத் தொடும். தொட்ட எடம் மட்டும்தான் போகும். தள்ளி இருக்கற வூட்ல கோலங்கூடக் கலையாது."

தீர்த்தம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடுவாளா? "அப்ப எவ்வளவு வேகம்னு சொல்லு. மிசின்ல அளந்தியா?"

"அதுக்குள்ள மிசின் வெச்சு அளக்கறது கஷ்டங்க. என்ன ஒடஞ்சுது, அது எவ்வளவு ஒறுதியா இருந்துச்சுன்னு பாத்துத்தான் வேகத்தக் கணிப்போம். பூச்சியத்துலருந்து அஞ்சு வரைக்கும் படி இருக்குது. அஞ்சுன்னா நல்லாக் கட்டின வூடே போயி அஸ்திவாரம் மட்டுந்தான் மிஞ்சும்." மெஹக் தோட்டத்தில் கிடந்த சீட்டு ஒன்றைப் புரட்டினாள். இன்னொன்றையும் புரட்டினாள். "தென்னை நிக்குது. மட்டைதான் முறுக்கியிருக்குது. இது பூச்சியந்தாங்க, ரொம்ப லேசு. இந்தக் கூரை போயிருக்கவே கூடாது."

"அதத்தான சொல்றேன்! போல்ட்டக் கழட்டிட்டான்!"

"கழட்டியிருந்தா ஓட்டை இருக்கணுமில்லீங்களா? இந்த முனையில ஓட்டையே போடலியே."

தீர்த்தம்மாள் குனிந்து சீட்டின் முனையைத் தடவிப் பார்த்தாள். மெள்ள ஞாபகம் வந்தது. கூரை போட்ட அன்று, தெற்குப் பக்கம் முடிந்து வடக்கே ஆரம்பிப்பதற்குள் புழு வந்துவிட்டது. புழு வந்த பிறகு வெளியாள் ஏறலாமா? வெல்டர் கலைவாணனை அப்படியே இறக்கி அனுப்பிவிட்டு, வடக்குப் பக்கம் சீட்டு மேல் கல்லைத் தூக்கி வைத்தாள். அப்புறம் போல்ட் போட முனிராஜ் அவனைத் திரும்பக் கூட்டிவந்தான். எம் புழுவ வேவு பாக்க வந்தியா என்று இரண்டு பேரையும் துரத்தினாள். மறுபடியும் ஒரு தரம் வந்தான். மறுபடியும் துரத்தினாள்.

"எந்தக் கையும் படலீங்க" என்று சொல்லிவிட்டு மெஹக் தென்னையைப் படம் பிடிக்கப் போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் தீர்த்தம்மாள் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கினாள். நேராக முனிராஜ் வூட்டுக்கு நடந்தாள். கேட் தாழ் போட்டிருந்தது. மலர்விழி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் புருஷனோடு வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை. கையிலிருந்த செல்போனை இவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"என்ன மலரு இது?"

"பேசுங்கக்கா. ரெக்கார்ட் ஆவுது."

"எம் மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டுவிட்டு, தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவளே திகைத்துப்போனாள். பிறகு செல்போனைப் பார்த்தே சொன்னாள். "தப்பு என்னோடதுதான் முனிராஜு. அங்க போல்ட்டே போடல. நீ ஒண்ணும் பண்ணல."

முனிராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"செரிங்க அண்ணி. இனிமே வரதா இருந்தா யாரையாவது கூட்டிட்டு வாங்க. தனியா வராதீங்க. நாளைக்கு நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு எங்களுக்குப் பயமா இருக்குது."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தீர்த்தம்மாள் கேட்டைப் பிடித்தபடி, யாரைக் கூட்டிக்கொண்டு வருவது என்று யோசித்தாள். ஒரு பேரும் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்படிக் கூப்பிட்டால் வருகிற ஆளாக அவளுக்கு இருந்தவன் முனிராஜ் ஒருத்தன்தான்.