கம்பத்தடியில் முதல் ஆள்

முனெயோவுக்கு அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷமாக அண்ணன் இசாவோவோடு ஷிமிசு மைதானத்தில் கால்பந்து பார்த்தவர்; ஓர் ஆட்டத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. எண்பத்தைந்தாவது நிமிஷத்தில் அண்ணன் எழுந்துவிடுவார். "எந்திரிடா, பஸ்ஸுக்கு முதல்ல நிக்கணும்." கடைசி விசில் ஊதும்போது இரண்டு பேரும் ரயிலடிக்குப் போகும் பஸ் நிற்கும் கம்பத்தடியில் முதல் ஆட்களாக நின்றிருப்பார்கள். யார் ஜெயித்தது என்பதை உள்ளே எழும் கூச்சலை வைத்துத் தீர்மானிப்பார்கள். பாதி நாள் தப்பாக.

வியாழக்கிழமை அண்ணன் செத்துப்போனார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒரு மண்டபத்தில் சாவுப் பூசை. அண்ணிக்கு அடுத்தபடியாகத் தூபம் போட வேண்டியவர் தம்பி. அந்த இடத்தை வேறு யாரும் எடுக்கக் கூடாது. அதே சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆட்டம். நாலரை பஸ்ஸில் ஏறினால் ஆறுக்குப் போய்விடலாம். துக்க வீட்டில் சீக்கிரம் போய் என்ன செய்வது என்று முனெயோவுக்குத் தெரியவில்லை. மைதானத்தில் என்ன செய்வது என்று தெரியும். கறுப்பு கோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

எழச் சொல்ல ஆளில்லாததால் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்று மூன்றாவது நிமிஷத்தில் கோல் விழுந்தது. பக்கத்து இருக்கைக்காரர் கட்டிப்பிடித்து அழுதார். முனெயோ உடம்பைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் கால்கள் அவரைக் கம்பத்தடியில் கொண்டுபோய் நிறுத்தின. அங்கே யாருமே இல்லை. அது அவருக்கு விநோதமாகப் படவில்லை, எப்போதுமே இல்லைதானே. பாதை தோண்டுவதால் இன்று மட்டும் பஸ் வடக்கு வாசலில் என்று கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைக் கவனிக்காமல் முதுகைக் காட்டி நின்றார்.

கறுப்பு கோட்டு போட்ட பெரியவர் நிமிர்ந்து நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பின்னால் ஒரு தம்பதி வந்து நின்றார்கள். அப்புறம் நான்கு பேர். கால் மணியில் நாற்பது பேர். வரிசை எதற்கு என்று கேட்பது எங்கள் பக்கத்தில் நாகரிகமில்லை.

மஞ்சள் சட்டை ஊழியர் ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்க, இது வரிசையே இல்லீங்க. பஸ் அந்தப் பக்கம்."

யாரும் முணுமுணுக்கவில்லை. வந்த ஒழுங்கு குலையாமல் வடக்கு வாசலுக்கு நடந்தார்கள், முனெயோ முன்னால். அங்கே நூறு பேர் நின்றிருந்தார்கள்.

பின்னாலிருந்த அம்மாள் கழுத்துத் துண்டைச் சரிசெய்தபடி சொன்னாள்: "சீசன் பூரா இங்கேதான் வர்றேன், நானே உங்களை நம்பிட்டேன் பாருங்க. ஐயா ஏதோ அவசரமாப் போறாப்பல இருக்கு?"

"அண்ணனுக்குப் பூசை. ஆறு மணிக்கு."

"முன்னாடி போய்ச் சொல்லுங்களேன். விட்டுடுவாங்க."

"எல்லாருக்கும் ஏதாவது இருக்குமே."

"எனக்கு ஒண்ணும் இல்லை. பூனைக்குச் சோறு வைக்கணும், அதுவும் அது கேட்டால்தான்."

முனெயோ அவளுக்குக் குனிந்து வணங்கினார். "என்னாலே உங்களுக்குக் கால் மணி நேரம் வீணாப் போச்சு." அவளுக்குப் பின்னாலிருந்தவருக்கும் அதையே சொன்னார். அடுத்தவருக்கும். ஒவ்வொருவரும் திருப்பிக் குனிந்தார்கள். நாற்பதாவது ஆளிடம் சொல்லி முடித்தபோது, அவருக்குப் பின்னால் போய் நிற்பதுதான் சரி என்று பட்டது. நின்றார். நாலரை பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று. கழுத்துத் துண்டுக்காரி அதன் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக் கையை விரித்தாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஆறு இருபத்தைந்து. சொந்தக்காரர்கள் தூபம் போட்டு முடித்து அமர்ந்திருந்தார்கள். அண்ணிக்கு அடுத்து அவள் தம்பி போட்டிருந்தான். இப்போது அண்ணனின் ஆபீஸ்காரர்கள் எழுந்து நின்றிருந்தார்கள். அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

முனெயோ ஆபீஸ்காரர்களுக்குப் பின்னால் போய் நின்றார். முன்னால் நின்றவன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "நீங்க இசாவோ சாருக்கு எந்த செக்‌ஷன்?"

"அவர்கூட மைதானத்துக்குப் போவேன்," என்றார் முனெயோ. வரிசை ஓரடி நகர்ந்தது.