புள்ளிக்கு எடுத்த காவடி

எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்க ஃபோர்மலின் மணத்தது. கண்ணை எரிக்கும் அந்த மணம் சாம்பிராணியையும் அம்மா தாளிக்கும் வெங்காயத்தையும் தோற்கடித்துவிட்டு, சாமியறை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டைகூட வாசற் படலை தாண்டி வராத சைவ வீடு அது. அப்படிப்பட்ட வீட்டின் மேசையில், பழைய ஜாம் போத்தல்களுக்குள், ஒரு தவளையும் ஏழெட்டுக் கரப்பான் பூச்சிகளும் வால் சுருண்ட ஓர் எலியும் மிதந்துகொண்டிருந்தன. என் அக்கா மருத்துவபீடத்துக்குப் போவதற்காக உயர்தரப் பரீட்சைக்கு விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். கரப்பான் பிடித்துக் கொடுக்கும் பொறுப்பு பத்து வயதுக்காரியான என்னுடையது. அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டொக்டராய் வந்தாப் பிறகு உந்தப் பாவமெல்லாம் கழுவுப்பட்டுப் போகும்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. உடுப்பிட்டியில் ஒருவரை அடையாளம் சொல்வதற்குப் பெயரைவிடப் பரீட்சைப் புள்ளி வசதியாக இருந்த காலம். பரீட்சைக்குத் தோற்றும் ஒவ்வொரு தடவையையும் "ஷை" என்போம். "ரண்டாம் ஷையிலை மெடிசின் எடுபட்ட பெடியன்" என்றால் ஊருக்கே ஆளைத் தெரியும். "நாலு புள்ளியாலை எஞ்சினியரிங் தவறவிட்டவர்" என்று பெயரெடுத்த ஒருவர் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகும் அப்படியேதான் அழைக்கப்பட்டார். இதற்குள் "தரப்படுத்தல்" வந்து சேர்ந்தது. கூட எடுத்தவர் உள்ளே, குறைய எடுத்தவர் வெளியே என்றிருந்த நேர்க்கணக்குப் போய், எந்த மொழியில் எழுதினாய், எந்த மாவட்டத்திலிருந்து எழுதினாய் என்றெல்லாம் பார்த்து, கொழும்பில் ஏதோ ஒரு கந்தோரில் வைத்துப் புள்ளிகளைச் சீர்செய்தார்கள். உள்ளே போக ஆகக் குறைந்தது எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறாகியது. யாழ்ப்பாணத்துக்கு அது பனை உயரத்தில் நின்றது. நல்ல பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிவிட வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருந்ததென்று இப்போது விளங்குகிறது. எங்கள் வீட்டுக்குள் அது வந்தபோது நியாயமாகத் தெரியவில்லை. இன்றும் நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எங்கள் மாமியின் மகன் நேசன் அக்காவோடு ஒரே வகுப்பில் படித்தவன். மாமாவுக்கு வவுனியாவுக்கு மாற்றம் கிடைக்க, குடும்பத்தோடு அங்கே போய்விட்டான். அங்கே விலங்கியலுக்கு வாத்தியார் இல்லை என்று அவன் எழுதியதும், அக்கா தன் குறிப்புகளையெல்லாம் காபன் தாள் வைத்து எழுதி அவனுக்கு அனுப்பத் தொடங்கினாள். தபாற் கந்தோரில் கிளாக்கராக இருந்த அப்பா அந்தப் பொதிகளுக்குத் தன் கையாலேயே முத்திரை குத்தினார்.

பரீட்சைக்கு முதல்நாள் அம்மா தனியாகத் தொண்டைமானாற்றுக்குப் போய், சந்நிதி முருகனுக்கு ஒரு "நேத்தி" வைத்துவிட்டு வந்தாள். முந்தின வருடத்து யாழ்ப்பாண வெட்டுப்புள்ளியை அப்பா பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார். அம்மாவுக்கு அது தேவாரம் போல மனப்பாடம். அந்த எண்ணைச் சொல்லி, அவ்வளவையும் அக்கா எடுத்துவிட்டால் அப்பா காவடி எடுப்பார் என்று நேர்ந்திருக்கிறாள். கோயிலுக்குப் போனாலும் வெளியில் நின்று பத்திரிகை படிக்கும் அப்பாவுக்கு இதைப்பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

பெறுபேறு வந்தது. அந்த எண்ணைவிட மூன்று புள்ளி கூட. வீடு அமர்க்களப்பட்டது, அயலெல்லாம் வந்து அக்காவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனது. அந்தச் சந்தோசத்தின் நடுவில் அம்மா மெல்ல விசயத்தை அவிழ்க்க, அப்பா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"என்னைக் கேளாமல் என்ரை தோளை ஆர் காணும் உம்மை நேரச் சொன்னது? செடிலும் குத்திறதெண்டு நேர்ந்தனீரோ?"

"இல்லையப்பா, வெறுங் காவடிதான்" என்றாள் அம்மா.

முதுகில் முள்ளுக் குத்தத் தேவையில்லை என்று தெரிந்ததும் அப்பாவின் பகுத்தறிவு பாதி இறங்கிவிட்டது. அனுமதிக் கடிதம் வந்ததும் எடுப்பதாக ஒத்துக்கொண்டார்.

கடிதம் வரவில்லை. அந்த வருடத்து வெட்டுப்புள்ளிதான் வந்தது. ஐந்து புள்ளி ஏறியிருந்தது. அக்காவுக்கு இரண்டு குறைவு. அக்கா அழவில்லை. போத்தல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வீட்டின் பின்கோடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாடு கேட்டாள். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கிழமை நேசனின் கடிதம் வந்தது. அக்காவைவிட எவ்வளவோ குறைந்த புள்ளியோடு, வவுனியா மாவட்டத்தில், அவனுக்கு மருத்துவபீடம் கிடைத்திருந்தது. கடிதத்தில் பாதி மன்னிப்பு.

இனிக் காவடி இல்லை என்று அப்பா நினைத்தார். அம்மா விடவில்லை.

"நான் கேட்டது புள்ளி. முருகன் அதைத் தந்திட்டான், மூண்டு கூடவும் தந்திட்டான். அவனிலை என்ன பிழை?"

"வெட்டுப்புள்ளி ஏறுமெண்டு யோசிச்சு நேர்ந்திருக்கப்படாதே? காணி உறுதி எழுதிற ஒரு நொத்தாரிசைக் கேட்டு எழுதியெண்டாலும் நேர்ந்திருக்கலாம்!"

முடிவு காண இருவரும் சந்நிதிக்கே போனார்கள். அங்கே பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். அப்பா வழக்கு முழுவதையும், தரப்படுத்தல் உட்பட, அவருக்கு எடுத்துச் சொன்னார். வாய் கட்டிய மனிதர் என்ன பதில் சொல்வார்? திருநீற்றைக் கையில் போட்டுவிட்டு அப்பால் போய்விட்டார். தீர்ப்புத் தன் பக்கம் என்று அம்மா வீடு வந்து மேளத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

காவடியன்று விடியற்காலை பஸ்ஸில் நேசனும் வந்து இறங்கினான். யார் முகத்தையும் பார்க்காமல் அப்பாவிடம் போய், "மாமா, தாங்கோ, நான் எடுக்கிறன். கிடைச்சது எனக்குத்தானே" என்றான்.

"உன்ரை கொம்மா உனக்கு என்ன நேர்ந்தவ எண்டு போய்க் கேள். உது என்ரை மகளின்ரை புள்ளி" என்று சொல்லிவிட்டு, அப்பா தன் செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். வருங்கால டொக்டர் அந்தச் செருப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தொண்டைமானாறு வரைக்கும் நடந்தான்.

அப்பாவுக்கு ஆடத் தெரியாது. காற்றுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவரைப்போலக் காவடியோடு நடந்தார். வழியெல்லாம் படலைகள் திறந்தன. "என்ன கிளாக்கர், மகளுக்கு மெடிசின் கிடைச்சிட்டுதாக்கும்?" என்பார்கள். பொய் சொல்லத் தெரியாத அப்பா நின்று, இல்லை என்று சொல்லி, போன வருடத்து வெட்டுப்புள்ளி, இந்த வருடத்து ஏற்றம், அம்மாவின் நேத்தி எல்லாவற்றையும் தோளில் காவடியோடு விளக்குவார். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார். நாலாவது வீட்டடியிலும் அப்பா முதலிலிருந்து விளக்கி முடித்தார். கேட்ட கிழவர் விடவில்லை: "கிடைக்கேல்லையெண்டால் பேந்தென்னத்துக்கு மோனை காவடி?"

பாற்செம்போடு பின்னால் வந்த அக்கா முன்னே வந்தாள்.

"கேட்ட புள்ளி நான் எடுத்தனான், அப்பு. காவடி அதுக்கு. எடுபட்டது எடுபடாதது கொழும்பின்ரை அலுவல்."

கிழவர் விலகி வழிவிட்டார். மேளக்காரர் யாரும் சொல்லாமலே அடிக்கத் தொடங்கினார். அப்பா ஆடினார். அதை ஆட்டம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கால் ஒரு பக்கம், மறுகால் மறுபக்கம். ஆனால் சந்நிதி வாசல் வரைக்கும் நிற்கவில்லை. நான் அன்றைக்குப் பெருமையில் வெடித்துவிடுவேன் போலிருந்தேன்.

அக்கா இரண்டாம் ஷை எடுக்கவில்லை. கிடைத்த விஞ்ஞானபீடத்துக்குப் போய், விலங்கியல் படித்து, முப்பது வருடம் அதையே படிப்பித்தாள். அவளிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் டொக்டர்கள். இப்போது கனடாவில் அவளுடைய பிரஷரைப் பார்ப்பவன்கூட அவர்களில் ஒருவன்தான். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. உடுப்பிட்டி வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். இதை எழுத உட்கார்ந்தபோதுதான் அக்கா எடுத்த எண் எனக்கே மறந்துபோனது தெரிந்தது. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, அவள் எத்தனை புள்ளி எடுத்தாள் என்று கேட்டேன்.

"எடுத்தது மறந்துபோச்சடி," என்றாள். "குறைஞ்சுபோனது ரண்டு."

எடுத்ததை மனப்பாடமாக வைத்திருந்தவள் அம்மா ஒருத்திதான்.