பெட்டிச் சாவியோடு பள்ளிக்குப் போனவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். மூத்த மகளைத் தோட்டத்துப் பள்ளியில் சேர்த்த அந்த ஜனவரியில் இளையவன் பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போனால், பாலை நிறுத்துப் போட்டுத் திரும்ப மதியம் தாண்டிவிடும். அதனால் பிள்ளையைப் பழக்குவதையெல்லாம் பள்ளி திறக்குமுன்பே செய்துவிட நினைத்தேன்.

அவளுக்கு ஏழு வயது. ஈப்போ நகரத்துக்குப் போனபோது ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன். சாயங்காலங்களில் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்து பள்ளிக் கொட்டகை வரை நடத்திக் கூட்டிப்போய் வழி காட்டினேன். வாத்தியார் என்றாலே பிரம்பு என்று லயத்தில் எல்லோரும் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே அவளை அழைத்துப் போனேன். மனிதர் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்து ஆய ஆரம்பித்துவிட்டாள். இனிக் கவலையில்லை என்று வீடு வந்தேன்.

முதல் நாள் என் மனைவி கைக்குழந்தையோடு போய் அவளை விட்டுவிட்டு வந்தாள். அழவில்லையாம். ஆனால் கொஞ்ச நேரத்தில் சிலேட்டோடு ஓடிவந்து நின்றாளாம். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வந்ததும் மனைவி சொன்னாள்:

"இன்னைக்கு ரெண்டு தடவ வந்துட்டா. வாசப்படியில நின்னு உள்ளாற எட்டிப் பாக்குறா. என்னடின்னு கேட்டா ஒண்ணுமில்லங்குறா. மூச்சு வாங்குறது நின்னதும் அவளே திரும்பிப் போயிடுறா."

தம்பி மேல் பொறாமை என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டது. "இனிமே பாதியில ஓடி வந்தே, பாத்துக்க!" என்று அதட்டினேன். மறுநாளும் வந்தாள். அப்படி அதட்டியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கோபமில்லாமல் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல யாராச்சும் அடிக்கிறாங்களாம்மா?"

"இல்ல."

"பின்ன ஏன் ஓடி ஓடி வர்ற?"

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமலே கேட்டாள்: "நான் பள்ளிக்கூடத்துல இருக்கறப்ப நீங்கள்லாம் கோப்பெங்குக்குப் போயிருவீங்களா?"

அப்போதுதான் விளங்கியது. லயத்தின் கடைசி வீட்டில் அவளோடு விளையாடும் சிறுமி ஒருத்தி இருந்தாள். இளையவன் பிறந்த வாரத்தில் அந்தக் குடும்பம் கோப்பெங் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. என் மகள் ஆற்றில் குளித்துவிட்டு விளையாடப் போனபோது அந்த வீடு திறந்து கிடந்தது. உள்ளே அடுப்புச் சாம்பல்தான் இருந்தது. பிரசவ நேரம், நாங்கள் யாரும் அவளிடம் எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அவளாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள்.

"உன்ன வுட்டுட்டு நாங்க எங்கம்மா போவோம்?" என்றேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தகரப் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்து மகள் கழுத்தில் போட்டாள்.

"நம்ம துணிமணி எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. சாவி உங்கிட்ட. இத வுட்டுட்டு நாங்க எங்கயாச்சும் போவோமா?"

மகள் யோசித்தாள். "தம்பி துணியும் இருக்கா?"

"இருக்கு. தொறந்து பாரு."

திறந்து பார்த்துவிட்டுத் தானே பூட்டினாள்.

அன்றைக்கே வாத்தியாரிடமும் போய்ச் சொன்னேன். "லயத்துக் கூரை தெரியிற பக்கமா உக்கார வைக்கிறேன்பா," என்றார். "அப்பவும் மனசு கேக்கலன்னா ஓடிப்போய்ப் பாத்துட்டு வரட்டும். நான் தடுக்க மாட்டேன்."

திங்கட்கிழமை ஒரு தடவை வந்தாள். செவ்வாய்க்கிழமை பாதி வழி வந்து திரும்பிப் போனதை மனைவி வாசலிலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. மாதக் கடைசியில் ஒருநாள், இளையவனுக்கு மாற்றக் காய்ந்த துணியெல்லாம் தீர்ந்துபோய், சாவி கேட்டு மனைவிதான் பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கயிற்றைக் கழற்றி நீட்டினாளாம்.

"நீயே வெச்சுக்கம்மா. குனிஞ்சா சிலேட்டுல இடிக்குது."

மூன்று வருஷம் கழித்து நாங்கள் ஈப்போவை அடுத்த புந்தோங்குக்குக் குடிமாறினோம். இந்தத் தடவை முதலில் அவளிடம்தான் சொன்னேன், ஒரு மாதம் முன்னதாகவே. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். புதுப் பள்ளியின் முதல் நாள் நானே கூட்டிப் போனேன். வாசலில் நான் தயங்கி நிற்பதைப் பார்த்து, "வேலைக்கு நேரமாச்சுல்ல, போங்கப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.